பெருங்காயம் மணக்காத காலை

2021 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் ஈசூனிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது, மிளகாய் வற்றல் கறுத்தது, பெருங்காயத்தூளையும் போட்டாயிற்று. மணம் மட்டும் எழவில்லை. தூள் பழையதாகிவிட்டது போலும் என்றெண்ணி இன்னொரு சிட்டிகை போட்டபோது, “என்னம்மா, இப்படிப் பெருங்காய நெடி!” என்று கூடத்திலிருந்து மகள் கத்தினாள். டப்பாவை மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தேன். தும்மல் வந்ததே ஒழிய, மணம் வரவில்லை.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கும் அடைத்திருக்கவில்லை. சாதாரணச் சளியில் மூக்கடைப்பால் காற்று மேலே ஏறாமல் மணம் தெரியாமல் போவதுண்டு. என் மூக்கிலோ காற்று தாராளமாகப் போய்வந்தது. அதுதான் எனக்குக் கோவிட் சந்தேகத்தைக் கிளப்பியது. அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியிருந்த ஏஆர்டி எனும் விரைவுச் சோதனைப் பெட்டியை எடுத்துச் சோதித்தேன். இரண்டு கோடுகள் விழுந்தன, கோவிட்தான். தடுப்பூசி போட்டிருந்தவளாதலால் 10 நாள் வீட்டுத் தனிமை.

கதவுக்கு வெளியே மகள் வைத்துவிட்டுப் போன அந்த ரசத்தைக் குடித்தபோது உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் நாக்கைச் சுட்டது. ஆனால் அதை ரசம் என்று சொல்ல எதுவுமே அதில் இல்லை. நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி எனும் இறைச்சிச்சாற்றுச் சுவை ஆகிய ஐந்தை மட்டுமே. சீரகமும் கொத்தமல்லியும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறிச்சென்றுதான் தங்களைத் தெரிவித்துக்கொள்கின்றன. நம் அறுசுவையில் சேர்ந்த காரத்தை அறிவியல் சுவையாகவே எண்ணுவதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை அது. அதனால்தான் அதுவும் என்னைவிட்டுப் போகவில்லை.

இந்தக் கிருமி நேராக மணநரம்பைத் தாக்குவதில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களில்தான் கிருமி நுழைவதற்கான ஏற்பி மிகுதி. அவை சிதைய, நரம்பணுக்களும் செயலிழக்கின்றன. துணை அணுக்கள் மீண்டும் வளர்வதால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பிவிடுகிறது.

என் வருத்தம் வேறு. இரண்டு நாள் முன்பு அலுவலகத்தில் ஒருவர், “கோப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது” என்றபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 ஏப்ரலிலேயே மணமும் சுவையும் போவதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைத்தொகுதி வாசல்தோறும் நெற்றிச் சூட்டை அளந்து பழகிய நமக்குக் காய்ச்சல் இல்லையென்றால் நோயே இல்லை என்ற நினைப்பு. ஓமிக்ரான் என்ற உருமாறிய கிருமி வந்தபின் இந்த அறிகுறி குறைந்துவிட்டது. ஆகவே மணம் தெரிகிறதே என்று சோதிக்காமல் இருப்பதும் தவறுதான்.

ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் ஆய்வுக்குழு 2009இல் வெளியிட்ட, இழந்த மணவுணர்வை மீட்கும் முகர்வுப் பயிற்சியைப் படித்து, நானும் காலையும் மாலையும் செய்தேன். அவர்கள் முகரச் சொன்னவை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். கடைசியானதற்குப் பதிலாகக் கோடாலித் தைலத்தை வைத்துக்கொண்டேன். முதல் நாளே மூக்குக்குள் ஜில்லென்றதும் குணமாகிவிட்டதென்று துள்ளினேன். அது மெந்தாலின் குளிர்ச்சி, மணமன்று. மூன்றாம் வாரம் கிராம்பு லேசாக வந்தது. அதன்பின் வந்ததுதான் கொடுமை: வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிகிற நாற்றம், கோப்பியில் சாக்கடை. மீண்டு வரும் நரம்புகள் மணங்களைத் தப்பாகக் கோத்துச் சொல்வதால் இப்படியாகும் என்கிறார்கள். அந்த மாதங்களில் அடுப்பை அணைத்தபின் எரிவாயு கசிகிறதா என்று முகர்ந்து பார்ப்பது என் கணவரின் வேலையாயிற்று.

இப்போது பெருங்காயம் பழையபடி மணக்கிறது. பால் திரிந்துவிட்டதா என்பதை மட்டும் இன்றும் மகளிடம் கொடுத்துத்தான் முகரச் சொல்கிறேன்.