ரப்பர் வாடையோடு வரும் கார்

"ரப்பர் கருகுற மாதிரி வாடை வருது" என்று சொல்லி நிறுத்தப்படும் வண்டியின் பானட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஓட்டியவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, ஏசி போட்டதுமா, மலை ஏறும்போதா, இறங்கும்போதா, ஓட்டி முடித்து நிறுத்திய பிறகா? இதைக் கேட்காமல் பெல்ட்டை மாற்றி அனுப்பிவிடும் பழக்கம் தொழிலில் பரவலாக இருக்கிறது. பெல்ட் கருகியிருப்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கருக வைத்த பாகத்தை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட்டும் அதே வழியில்தான் போகும்.

காலையில் கீச்சென்ற சத்தத்தோடு வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் முழு பாரத்தையும் இழுக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தால் புல்லி மேல் பெல்ட் தேயும். பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் கண்ணாடி போல் மின்னினால் வழுக்கியிருக்கிறது. ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. பழைய பெல்ட்டுகள் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும். இன்றைய இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் அப்படி எளிதில் வெடிப்பதில்லை, டயர் போலத் தேய்ந்து பள்ளம்தான் அகலமாகும். வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்வது அதனால் தப்பாகப் போகலாம்.

பெல்ட் கழன்றிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியம். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், டென்ஷனர் என ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று உராய்ந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளையில் கூலன்ட் கறை இருக்கிறதா, டேப்பெட் கவர் பேக்கிங்கிலிருந்து ஆயில் வழிந்து பெல்ட்டில் படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆயில் குடித்த பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை. முதலில் கசிவை நிறுத்தி, புல்லிப் பள்ளங்களைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பிறகு புதுப் பெல்ட் போட வேண்டும். சத்தத்தை அடக்கப் பெல்ட் மேல் ஸ்ப்ரே அடிப்பது சில நாள் அமைதி தரும், அதன் பிறகு தூசி ஒட்டித் தேய்மானம் கூடும். ஸ்ப்ரேக்குப் பதில் ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: சத்தம் நின்று திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை, சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. விரலும் சட்டைக்கையும் புல்லியிடமிருந்து எட்டியே இருக்கட்டும்.

ஏசி போட்டால் மட்டும் வாடை என்றால் பெரும்பாலும் கம்ப்ரஸர் இறுகுகிறது, அல்லது அதன் கிளட்ச் வழுக்குகிறது. ஏசியை அணைத்து ஓட்டினால் வாடை இல்லை என்பது அதற்கு நல்ல அடையாளம்.

மலைப்பாதையில் கணக்கு வேறு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது வந்தால் கிளட்ச், இறங்கும்போது வந்தால் பிரேக். பெரும்பாலும் இதில் பிசகு இருப்பதில்லை. கிளட்ச் கருகினால் காகிதம் எரிந்த நெடியும் கலந்து வரும். வளைவில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் வழக்கமான காரணம். சமதளத்தில் டாப் கியரில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது என்ஜின் சுற்று (ஆர்பிஎம்) ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் வாடை வந்தால் ஓரம் நிறுத்தித் தானாக ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணலாகலாம், விரிசலும் விடலாம்.

சமதளத்திலும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் பிடித்திருக்கிறது. பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, ஒரே ஆக்ஸிலின் இடது, வலது சக்கரங்களை ஒப்பிடுங்கள். முன் பிரேக் பின் பிரேக்கைவிடச் சூடாவது இயல்பு என்பதால் முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஜாக்கி போட்டதும் சக்கரம் இறுக்கமாக இருந்தால் கேலிப்பரில் காற்றெடுக்க இருக்கும் பிளீடர் நிப்பிளைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் மேலே எங்கோ மாட்டியிருக்கிறது. அடிக்கடி காண்பது உள்பக்கம் உப்பிய ரப்பர் ஹோஸ். பிரேக் ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாது, வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் விடாவிட்டால் கேலிப்பரின் பிஸ்டனோ, அது நகரும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. ஸ்லைடு பின்னுக்குச் சேஸிஸ் கிரீஸ் தடவாதீர்கள், அது ரப்பர் பூட்டை உப்ப வைத்து மறுபடி இறுக்கும். பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ்தான் சரி. பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்க வேண்டும்.

சைலன்ஸரில் ஒட்டி உருகிய பிளாஸ்டிக் பை, பெரிய டயர் மாட்டியதால் வீல் ஆர்ச்சில் உரசுவது — இவை கண்ணிலேயே தெரிந்துவிடும். வயர் இன்சுலேஷன் கருகுவதை மட்டும் ரப்பரென்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. 60/55 வாட் எச்4 ஹெட்லைட் பல்பு இருந்த இடத்தில், பேட்டரியிலிருந்து தனி வயரில் மின்சாரம் தரும் ரிலே இல்லாமல் 100/90 வாட் பல்பு மாட்டினால் 5 ஆம்பியர் ஓடிய வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் பழுப்பேறும், பிறகு உருகும். எலி கடித்த வயரும் இதே வேலையைச் செய்யும். இந்த நெடி வந்தால் என்ஜினை நிறுத்தி, புகையோ தீயோ இல்லாதபோது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தேட வேண்டும்.

வேலை முடிந்ததும், வாடை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் வழுக்கிய பெல்ட்டை மதியம் சூடான என்ஜினில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு ராத்திரி வண்டியை ஒர்க்ஷாப்பிலேயே வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டு ஐந்து நிமிடம் கவனித்த பிறகே சாவியைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு நாள் கூடுதலாகும் என்று வண்டியை வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.