மாஸ்டர் ருசி பார்க்கிறார், குழம்பு புளிக்கிறது

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய நகரத்தார் வீட்டில், வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் காரைக்குடியிலிருந்து போய்வருகிறேன். முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்ததும் விருந்தினர்கள் கேட்பது, வீடு யாருடையது என்பதைத்தான். "திஸ் ஹவுஸ் இஸ் பிலாங்கிங் டு மெனி பங்காளிஸ்" என்பார் சுற்றிக்காட்டும் தம்பி. செய்தி சரி, ஆங்கிலம்தான் தவறு; 'பிலாங்ஸ்' என்றிருக்க வேண்டும். பங்காளிகள் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் உரிமை அப்படியேதான் இருக்கும். அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிலாங் (உரியதாக இருப்பது), ஓன் (சொந்தமாக வைத்திருப்பது), நோ (தெரிந்திருப்பது) போன்ற வினைகளுக்கு ஆங்கிலத்தில் பொதுவாக 'இங்' ஒட்டாததும் அதனால்தான்.

இலக்கணப் புத்தகங்கள் இவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை கிடையாது. ஹேவ் ஒன்றே அதைக் கவிழ்த்துவிடும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" தவறு, "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. தங்கைகள் இருப்பது நிலை, சாப்பிடுவது செயல். 'வண்டி வைத்திருக்கிறேன்' என்று பழகிய நாக்கு 'ஹேவிங்' என்று போவதில் வியப்பில்லை.

வகுப்பைச் சமையற்கட்டுக்கே கொண்டுபோனேன். மாஸ்டர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். என்ன செய்கிறார்? "ஹி இஸ் டேஸ்டிங் த குழம்பு." அவர் முகம் சுளித்தது, புளி தூக்கல். குழம்பு எப்படி? "டேஸ்டிங் சவர்" என்று ஒருவன் ஆரம்பித்தான். "குழம்பா நக்கிப் பார்க்கிறது? அது சட்டியில் சும்மாதானே கிடக்கிறது" என்றார் பாத்திரம் துலக்கும் அக்கா. "இட் டேஸ்ட்ஸ் சவர்" தானாக வந்தது. மீனைத் தராசில் வைத்து வெய் என்ற வினையையும் முடித்தோம்: நிறுப்பவர் வெயிங், மீன் வெய்ஸ்.

ஒரு பையன் மட்டும் மடக்கினான். மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் "ஐ ஆம் லவிங் இட்" என்கிறதே? விதி தெரிந்தே மீறிய விளம்பரம் அது. இந்த நொடியின் துள்ளலைச் சொல்கிறது. ஆங்கிலேயர்களும் பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் தொலைபேசியில் இன்னமும் "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங், சார்" என்றுதான் சொல்கிறார். இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு, கேட்பவருக்கும் புரிகிறது. நான் திருத்துவதில்லை. முதலில் அறை வாடகையைத் தடுமாறாமல் சொல்லப் பழகட்டும்.