சிலிண்டர் வராத வாரம்: ஊட்டி நாட்குறிப்பு

ஜனவரி 6, 2026, செவ்வாய்

நேற்று ராத்திரி சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்தது. பதிவு செய்து பத்து நாள் ஆகிறது. ஏஜென்சிக்குப் போன் செய்தால் "லோடு இன்னும் மேலே ஏறலைங்க" என்கிறார்கள். எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்ட ஆரம்பித்த 1822இலிருந்தே இந்த ஊரின் நிலைமை அதுதான். எது வேண்டுமென்றாலும் கீழேயிருந்து ஏறி வர வேண்டும்.

காலையில் புல்மேல் உறைபனி. பின்கட்டில் பாட்டியின் மண் அடுப்பு ஒன்று ஓரமாகக் கிடந்தது. ஒட்டடை தட்டி, சாணி மெழுகி, காந்தலில் தெரிந்தவரிடம் இரண்டு கட்டு விறகு வாங்கி வந்தேன். ஒன்று சீகை, ஒன்று கற்பூர மரம். கீழ்நாட்டுக்காரர்களுக்கு: சீகை என்றால் இங்கே வாட்டில் மரம், சீயக்காய் இல்லை. கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ்.

ஜனவரி 7, புதன்

கற்பூர மரத்தின் காய்ந்த தழை தீக்குச்சியைக் காட்டியதும் படபடவென்று பிடித்துக்கொள்கிறது. கட்டை அப்படியில்லை. ஈரம் இருந்தால் ஒரு முனை எரிய, மறுமுனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சீறும். வீடு முழுக்கத் தைல வாசனை, கண்ணில் தண்ணீர். சீகை சமர்த்து. ஒருமுறை பிடித்தால் நின்று எரியும், நல்ல தணலும் கிடைக்கும். பாட்டி சீகையைச் சமையலுக்கும் கற்பூரத்தை வெந்நீருக்கும் என்று பிரித்து அடுக்கியதன் அர்த்தம் இன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டுமே இந்த மலையின் மரமில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. யூகலிப்டஸை 1843இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் கொண்டுவந்தார். முதலில் அழகுக்குத்தான். அப்புறம் விறகுப் பஞ்சம் வந்தது. ஒவ்வொரு பங்களாவிலும் அறைக்கு அறை கணப்பு, சமையலுக்கு ஒரு அடுப்பு, துரைமார் குளிக்க வெந்நீர். எல்லாவற்றுக்கும் பக்கத்துச் சோலைதான். சோலை மரம் வெட்டினால் சீக்கிரம் தழைக்காது. ஊரைச் சுற்றி மலை மொட்டையாகத் தொடங்கியபோது, வேகமாக வளரும் மரம் தேடி 1860களில் யூகலிப்டஸைத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். இன்று சுற்றுலா வருகிறவர்கள் "என்ன அழகான காடு" என்று படம் எடுப்பதில் பாதி, அந்தக் காலத்து வெந்நீர் அண்டாவுக்காக நட்ட விறகுக்கட்டை.

ஜனவரி 9, வெள்ளி

சிலிண்டர் இல்லை. விறகு மட்டுமல்ல, சதுப்பில் மண்ணை வெட்டிக் காயவைத்தும் இங்கே எரித்திருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் புல்லும் வேரும் மக்கிச் சேர்ந்த கறுப்பு மண், செங்கல் மாதிரி. அத்தனை உசத்தியான எரிபொருள் இல்லையாம். என் ஈரக் கட்டையை விட மோசமாகவா இருந்திருக்கும்?

ஜனவரி 11, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பஸ்ஸில் இறங்கி, சாயங்காலமே ஏறிவந்தேன். கல்லாறு தாண்டியதும் காது அடைத்தது. பர்லியாறில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார்.

ரயில் 1873இல் மேட்டுப்பாளையம்வரை வந்து நின்றுவிட்டது. மலை ரயில் குன்னூருக்கு ஏற 1899 ஆயிற்று, ஊட்டிக்கு 1908. இடையில் மலை ஏறியவர்களுக்கு டோங்கா. இரண்டு சக்கரம், தாழ்வான உடம்பு, இரண்டு மட்டக்குதிரை. ஊட்டிவரை சுமார் 33 மைல், வழியில் கொட்டடிகளில் குதிரையை மாற்றிக்கொண்டே போவார்கள். ஏற்றத்தில் ஒரே ஜோடி தாங்காது. தபாலும் அதில்தான். அந்த மலைச்சாலையில் மேலே கூரையும் பக்கத்தில் வெறும் காற்றும். நான் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் முன்னால் குதிரை வண்டியும் இல்லை, தூக்கிவர ஆள்தான். 1834இல் மெக்காலே சென்னையில் கப்பலிறங்கி, பெங்களூர், மைசூர் வழியாக ஊட்டிக்குச் சுமார் 400 மைல் பல்லக்கில் வந்தார். அவர் பெயர் பள்ளிக்கூடப் புத்தகம்வரை இருக்கிறது. தூக்கிவந்தவர்களில் ஒருவர் பெயராவது எங்கேயாவது இருக்குமா என்று கல்லாறிலிருந்து குன்னூர்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் சாமான் வாங்க மார்க்கெட். அந்தக் காலத்திலும் ஊட்டிக்குச் செவ்வாய்தான் சந்தை நாள். சந்தைக்கு அரிசி, உப்பு, தேங்காய், நல்லெண்ணெய் எல்லாம் மாட்டுவண்டியில் கீழேயிருந்து வந்தாக வேண்டும். மேலே ராகி, சாமை உண்டு, நெல் கிடையாது. காய்கறிக்கு வெள்ளைக்காரர்கள் 1845இல் மாதாமாதம் பணம் போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற தாவரவியல் பூங்கா அதிலிருந்து வளர்ந்ததுதான். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் வந்து பூந்தோட்டமாக மாற்றுவதற்கு முன் அது கோஸும் காரட்டும் விளைந்த கொல்லை. இப்போது இங்கே விளைகிற உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது, அங்கேயிருந்து அரிசி ஏறுகிறது.

கடையில் நின்றபோது பாட்டியின் வார்த்தைகள் ஞாபகம் வந்தன. சீமெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு. கடல் தாண்டி வந்ததெல்லாம் அவளுக்குச் சீமை. மண்ணெண்ணெய்க்குச் சென்னைப் பக்கம் கிருஷ்ணாயில் என்றுகூடச் சொல்வார்கள், கெரசினுக்குப் பூணூல் போட்ட மாதிரி. எண்ணெய் தீர்ந்தாலும் டின் தீராது. நாலு காலன், அதாவது 18 லிட்டர் பிடிக்கும் அந்தச் சதுர டின்னில் கைப்பிடிக் கட்டை அடித்தால் தண்ணீர்க்குடம், வெட்டித் தட்டினால் கூரைத் தகடு. எங்கள் விறகுக்கொட்டகைக் கூரையில் இன்னும் ஒன்று இருக்கிறது. துரு அரித்தது போக நடுவில் இரண்டு எழுத்து புடைத்து நிற்கும், விரல் வைத்தால் தெரியும். என்ன எழுத்து என்று மட்டும் படிக்க முடியாது.

ஜனவரி 14, போகி

காலையில் பழைய பாயை எரித்து முடிக்கவும் கேட்டில் சிலிண்டர் வரவும் சரியாக இருந்தது. கொண்டுவந்த பையன் அதைத் தோளில் போட்டு நாற்பத்தாறு படி ஏறிவந்தான். எங்கள் தெருவுக்கு வண்டி வராது. மூச்சு வாங்க நின்றவனுக்கு டீ கொடுத்துப் பெயர் கேட்டேன். சொல்லிவிட்டு, "எதுக்குக்கா, கம்ப்ளைண்ட் கொடுக்கவா?" என்றான்.

சீகை அரைக் கட்டு மிச்சம் இருக்கிறது. நாளைக்குப் பொங்கல் பானை அதில்தான்.