கரண்ட் திரும்பும் நிமிடத்துக்கு ஒரு நோட்-ரெட் ஃபுளோ

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக்கு வீடு ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இப்போது சாதாரணமாகிவிட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கீழ் டாங்கிலிருந்து மேல் டாங்குக்கு ஏற்றும் மோட்டாரை நோட்-ரெட்டில் ஓட்டுவது பற்றியது இந்தப் பதிவு. நோடு என்ற பெட்டிகளை ஒயரால் இணைத்து நிரல் எழுதும் மென்பொருள் அது; அப்படி வரையும் படத்துக்கு ஃபுளோ என்று பெயர். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் நிறுவி, பிரவுசரில் 1880 போர்ட்டைத் திறந்து, நோடுகளை இழுத்துப் போட்டு ஒயரால் இணைத்தால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். நல்ல நாளில் அது ஓடவும் செய்யும். லோட் ஷெடிங்கோ கேபிள் திருட்டோ, போன கரண்ட் திரும்பும்போது மோட்டார் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் ஃபுளோவை வரைய வேண்டும்.

மேல் டாங்கில் மட்டம் அளக்கும் சென்சாரும் மோட்டாரை இயக்கும் ரிலேவும் எம்க்யூடிடி என்ற மெசேஜ் முறையில் பேசுகின்றன. அடிப்படை வரிசை சின்னதுதான்: மட்டத்தை வாங்கும் எம்க்யூடிடி இன், மதிப்பு மாறினால் மட்டும் விடும் ஃபில்டர், விதிப்படி பிரிக்கும் சுவிட்ச், அதன் இரண்டு வாய்களுக்கும் மெசேஜை ஆன் அல்லது ஆஃப் ஆக மாற்றும் ஒவ்வொரு சேஞ்ச் நோடு, கடைசியில் கட்டளையை அனுப்பும் எம்க்யூடிடி அவுட். சுவிட்சில் இரண்டே விதி: மட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆன், 95ஐத் தாண்டினால் ஆஃப். இடைப்பட்ட மட்டத்துக்கு விதி எழுதவே கூடாது. எந்த விதிக்கும் பொருந்தாத மெசேஜ் அங்கேயே நின்றுவிடும், மோட்டார் இருந்த நிலையிலேயே இருக்கும். 90க்குக் கீழே ஆன், மேலே ஆஃப் என்று ஒரே கோடு போட்டவர்கள் வீட்டில் ரிலே நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அலையடிப்பதைக் கண்டுகொள்ளாமல் விட, ஃபில்டரில் 2 சதவீத இடைவெளி போதும்.

சென்சார், ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்றால், தண்ணீர் முழுதாக நிரம்பும் மட்டத்துக்கு மேலே குறைந்தது 25 செ.மீ. விட்டுப் பொருத்துங்கள். அதைவிட நெருங்கினால் தப்பான தூரம் சொல்லும். அதுவும் டாங்க் நிரம்பும் நேரத்தில், ஆஃப் ஆக வேண்டிய இடத்தில்.

இனி காவல் நோடு. சென்சார் 15 விநாடிக்கு ஒரு முறை பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும். ட்ரிக்கர் நோடை எடுத்து, முதலில் எதுவும் அனுப்பாதே, 90 விநாடி காத்திரு, புது மெசேஜ் வந்தால் காத்திருப்பை நீட்டு, வராவிட்டால் ஆஃப் அனுப்பு என்று அமையுங்கள். இதற்கான ஒயரை ஃபில்டருக்கு முன்னாலிருந்தே எடுக்க வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால், மட்டம் மாறாதபோது ஃபில்டர் எதையும் விடாது, உயிரோடிருக்கும் சென்சாரைச் செத்ததாக ட்ரிக்கர் முடிவு கட்டிவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. முதல் மெசேஜ் வந்த பிறகுதான் ட்ரிக்கரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். கரண்ட் வந்தபின் சென்சார் வாயே திறக்காவிட்டால் காவலும் தூங்கும். ஆகவே ஒரு இஞ்செக்ட் நோடு, தொடங்கி 5 விநாடியில் ஒரே முறை ஆஃப் அனுப்பட்டும். ரௌட்டர் இன்னும் எழுந்திருக்காவிட்டால் அந்த ஆஃப் ரிலேவுக்குப் போய்ச் சேராமல் போகலாம். அதே இஞ்செக்டிலிருந்து ட்ரிக்கருக்கும் ஓர் ஒயர் போட்டால் 90 விநாடி கழித்து இன்னொரு ஆஃப் போகும்.

எல்லாவற்றிலும் மோசமானது எம்க்யூடிடியின் ரீடெய்ன் வசதி. ஆன்/ஆஃப் கட்டளை போகும் டாபிக்கில் (மெசேஜ் போகும் தடம்) அதை டிக் செய்துவிட்டால், கடைசியாகப் போன ஆன் கட்டளையை, மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் பிடித்து வைத்திருக்கும். ரிலே மறுபடி இணைந்தவுடனே அதை நீட்டும். மட்டம் என்னவென்று யாருக்கும் தெரியாத நேரத்தில் மோட்டார் ஓடும். சென்சார் டாபிக்கிலும் வேண்டாம், போன மணி நேரத்து மட்டம் இப்போதையதுபோல் வந்து நிற்கும்.

மோட்டார் ஓடியும் மட்டம் ஏறவில்லையா என்று, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் ஃபங்ஷன் நோடில் பார்ப்பவர்கள், வந்த மதிப்பை முதலில் எண்ணாக மாற்றுங்கள். எழுத்தாக ஒப்பிட்டால் 10 என்பது 9ஐவிடச் சிறியது, ஏறும் தண்ணீர் இறங்குவதாகத் தெரியும். டிபக் பலகையில் மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது எழுத்து. பழைய மட்டத்தை ஃபுளோ கான்டெக்ஸ்ட் என்ற நினைவிடத்தில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். செட்டிங்ஸ் கோப்பில் லோக்கல் ஃபைல் சிஸ்டத்தைச் சேமிப்பிடமாக வைத்தால் நிற்கும். ஆனால் இயல்பாக 30 விநாடிக்கு ஒரு முறைதான் டிஸ்க்கில் எழுதும், கடைசி அரை நிமிடம் போனது போனதுதான்.

திருத்தும்போது டிப்ளாய் பொத்தான் பக்கத்து அம்பைத் திறந்து, மாறிய நோடுகள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழு டிப்ளாய் எல்லா நோடுகளையும் மறுபடி தொடங்கும். ட்ரிக்கரில் ஓடிக்கொண்டிருக்கும் 90 விநாடியும் காணாமல் போகும்.

ராஸ்பெரி பையே தொங்கிப்போனால் மேலே சொன்ன எந்தக் காவலும் உதவாது. டாங்க் நிரம்ப 15 நிமிடம் பிடிக்கும் என்றால், 20 நிமிடத்துக்கு மேல் ஓடாதே என்று ரிலேவை இயக்கும் சிறு போர்டான இஎஸ்பி32லேயே எழுதிவிடுங்கள். 10 ஆம்பியர் நீல ரிலேவில் 0.75 கிலோவாட் மோட்டாரை நேராக மாட்ட வேண்டாம். தொடங்கும்போது இழுக்கும் கரண்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை ஆஃப் அனுப்பினாலும் மோட்டார் நிற்காது. நடுவில், பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான ஒரு கான்டாக்டர் வேண்டும். அந்த 230 வோல்ட் வேலையைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, வேலை விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சிஓசி சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள்.