விளாச்சேரிப் பொம்மைகளோடு மும்பைக்கு

அனிமேஷன் தொடருக்கான யோசனையைத் தயாரிப்பாளர்களிடம் சொல்ல மாநாட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நல்ல கதை போதாது, 52 வேண்டும். குழந்தைகள் தொடர் என்றால் 11 நிமிட எபிசோடுகள் 52 என்பது உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு. அரை மணி நேரத்தில் இரண்டு எபிசோடுகளும் விளம்பரமும் அடங்கிவிடும். மொத்தம் ஒன்பதரை மணி நேரப் படம். நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் என்றால் ஒரு எபிசோடுக்கு மட்டும் 15,840 பிரேம்கள். கையால் வரைகிறவர்கள் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும், எட்டாயிரம் ஓவியங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இவ்வளவு பணத்தையும் உழைப்பையும் இறக்கப்போகிறவர் "நாற்பதாவது எபிசோடில் என்ன நடக்கும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

மும்பை மாநாட்டில் என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். என் தொடர் நடப்பது திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில். பேச்சி என்ற பத்து வயதுப் பெண், பொம்மை செய்யும் பாட்டியோடு இருக்கிறாள். கொலு முடிந்தும் விலைபோகாமல் தங்கிவிட்ட பொம்மைகள் அவளிடம் மட்டும் பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு தேடித் தருவது அவள் வேலை. முதலில் நான் சொன்னது இவ்வளவுதான். மடிக்கணினியைத் திறக்கவில்லை. முதலில் வாயால் சொல்லிக் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் படங்களைக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்களில் ஒருவர் நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னார். ஊர் பெயரை எடுத்துவிடலாம், இந்தியாவில் ஏதோ ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளலாம், களிமண்ணுக்குப் பதிலாக மந்திர வண்ணம் என்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் புரியும் என்றார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஊர்ப்பற்றால் இதைச் சொல்லவில்லை. நாற்பதாவது எபிசோடுக்கான பதிலே அந்த மண்ணில்தான் இருக்கிறது.

பொம்மைக்கான மண் கண்மாயில் இருந்து வருகிறது. அதை எடுக்க அனுமதி வாங்க வேண்டும். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டால் மண் கிடைக்காது, அதற்குள் வேண்டியதைச் சேர்த்து வைத்துவிட வேண்டும். வானம் மூடிக்கொண்டால் பொம்மை காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில். கொலுவுக்குப் பொம்மை செய்யும் அதே கைகள்தான் குழந்தை இயேசுவையும் மூன்று ராஜாக்களையும் செய்கின்றன. குடிலுக்குப் போக ஆசைப்படும் செட்டியார் பொம்மை ஒரு எபிசோடு. அனுமதிச் சீட்டு வருவதற்குள் மழை வந்துவிடுமா என்று பேச்சி தவிப்பது இன்னொன்று. மந்திர வண்ணம் இப்படி ஒரு சிக்கலைத் தருமா? மந்திரம் சிக்கலைத் தீர்த்துவைக்கும், அதோடு கதையும் முடிந்துவிடும்.

இதெல்லாம் திருநகரில் என் மேசையில் உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை. விளாச்சேரியில் ஒரு வீட்டு முற்றத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அச்சின் இரண்டு பாதிகளிலும் மண்ணை அப்பி, ஒன்றோடொன்று அழுத்தி, சற்று இறுகியதும் பிரித்தெடுப்பார்கள். பொம்மையின் இரு விலாப்புறமும் ஒட்டு வரி மேடாக நிற்கும். ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு அந்த வரியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் மழுக்குகிறார் அந்த அம்மா. காதருகே வரும்போது மட்டும் விரல் நின்று, நகத்தால் மடலைத் திரும்பக் கீறிவிட்டுப் போகிறது. "காதை ஏன் அம்மா தனியாகச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "துணி பட்டால் காது போய்விடும் தாயி. காது இல்லாத பொம்மையை யார் வாங்குவார்கள்?" என்றார். முதல் எபிசோடின் நாயகன் அங்கேயே பிறந்துவிட்டான். ஒரு காது மழுங்கிப்போன போலீஸ்காரப் பொம்மை. பாதிதான் காதில் விழும், மீதியை அவனாக நிரப்பிக்கொண்டு விசாரணை நடத்துவான்.

மாநாட்டு அறையில் எல்லோரும் சிரித்த இடம் அந்தப் போலீஸ்காரன்தான். மாநாட்டில் பேசப்போகும் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நட்பு, துணிச்சல், குடும்பப் பாசம் என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் கேட்டதெல்லாம் அதுதான். உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அதை எது தடுக்கிறது என்பதை முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், "தொடர்பில் இருப்போம்" என்பார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் போலத்தான், உண்மையான பேச்சு வெளியே தெரியாது. அதனால் அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எந்த வயதுக் குழந்தைக்கு, ஒரு எபிசோடு என்ன செலவு பிடிக்கும், உரிமை யாரிடம் இருக்கும் என்று கேட்டால் பேச்சு முன்னேறுகிறது. ஓவியம் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

என்னிடம் செலவு கேட்டவர் ஒருவர், போலீஸ்காரன் எபிசோடில் இருந்து இரண்டு நிமிடத்துக்கு அனிமேட்டிக் (ஓவியங்களைக் குரலோடு வரிசையாக ஓடவிட்ட மாதிரிப் படம்) அனுப்பச் சொல்லியிருக்கிறார். காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு முடிந்துவிட்டது. பேச்சிக்குக் குரல் கொடுக்கப் பத்து வயதுப் பெண்ணைத் தேடுகிறேன். மதுரைப் பேச்சுதான் வேண்டும், நடிப்புப் பயிற்சி அவசியமில்லை. தெரிந்த வீட்டில் வாயாடிப் பெண் யாராவது இருந்தால் அவள் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.