தை அமாவாசையை வைத்துச் சீனப் புத்தாண்டு பார்ப்பது எப்படி?

2025-இல் தை அமாவாசை ஜனவரி 29. தாமிரபரணிப் படித்துறைகளில் எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே நாளில்தான் சீனப் புத்தாண்டும் பிறந்தது. அதற்கு முந்தின வருஷம், 2024-இல், இங்கே தை அமாவாசை பிப்ரவரி 9. அங்கே புத்தாண்டு மறுநாள், பிப்ரவரி 10. 2026-இல் தை அமாவாசை ஜனவரி 18-லேயே வந்துவிட்டது. சீனப் புத்தாண்டோ பிப்ரவரி 17, அதாவது நம் மாசி அமாவாசை. ஒரு வருஷம் அதே நாள், ஒரு வருஷம் மறுநாள், ஒரு வருஷம் ஒரு மாசம் தள்ளி. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளில் புத்தாண்டு லீவு எப்போது என்று வருஷா வருஷம் கேட்பார்கள். இந்த மூன்று வருஷக் கணக்கும் பிடிபட்டால் சீன நாட்காட்டியே பிடிபட்ட மாதிரி.

அதைச் 'சந்திர நாட்காட்டி' என்று சொல்வது பாதிதான் சரி. சந்திரனை மட்டும் நம்பி ஓடுவது ஹிஜ்ரி. அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53 நாள், பன்னிரண்டு மாசம் சேர்ந்தால் 354 நாளும் கொஞ்சமும். சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறைகிறது. அதனால்தான் ரமலான் வருஷத்துக்குப் பதினோரு நாள்போல முன்னே வந்துகொண்டே இருக்கிறது. கோடையிலும் வரும், ஐப்பசி அடைமழையிலும் வரும். சீனக் கணக்கு அப்படி நகர விடாது. மாசத்தைச் சந்திரன் தொடங்கி வைக்கும். அது எத்தனையாவது மாசம் என்று சூரியன் சொல்லும். இரண்டும் விலகும்போது ஒரு மாசத்தைக் கூடுதலாகச் செருகிவிடுவார்கள். 19 வருஷத்துக்கு 7 தடவை இப்படிச் செருக வேண்டியிருக்கும்.

முதலில் நாள் கணக்கு. நமக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அவர்களுக்கு நள்ளிரவு, அதுவும் கிழக்கே 120 பாகை தீர்க்கரேகையின் நேரப்படி. நம் கடிகாரத்தைவிட அது இரண்டரை மணி நேரம் முந்தியது. சூரியனும் சந்திரனும் சேரும் கணம் எந்தத் தேதியில் விழுகிறதோ, அந்தத் தேதி முழுவதும் மாசத்தின் முதல் நாள். சேர்வது காலை ஆறு மணியானாலும் சரி, இரவு பதினொன்றரையானாலும் சரி. நம் ஊர்ச் சந்திர மாசக் கணக்கில் அமாவாசை போகிற மாசத்தின் கடைசித் திதி. அங்கே அதே நாள் வருகிற மாசத்தின் முதல் தேதி. பௌர்ணமி பெரும்பாலும் 15 அல்லது 16-ஆம் தேதியில் வருவது இதனால்தான்.

2024-ஐ இப்போது பாருங்கள். சேர்ந்த கணம் நம் நேரப்படி பிப்ரவரி 10 அதிகாலை 4.29. பிப்ரவரி 9 பகலில் அமாவாசைத் திதி இருந்ததால் தர்ப்பணம் அன்றைக்கு. பெய்ஜிங்கில் அந்தக் கணம் 10-ஆம் தேதி காலை 6.59. ஆகவே புத்தாண்டு 10. வானத்தில் நடந்தது ஒரே சம்பவம். நாளை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அடுத்தது சூரியன். சூரியன் சுற்றும் பாதையை 24 கூறாக, கூறுக்கு 15 பாகையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக வரும் பன்னிரண்டு புள்ளிகளுக்குச் சோங்ச்சி என்று பெயர். 30 பாகைக்கு ஒன்று. நம் சங்கராந்தியேதான். ஆனால் நாம் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம், அவர்கள் வெயிலின் அயனத்தை வைத்து. இடையில் உள்ள அயனாம்சம் இப்போது சுமார் 24 பாகை. நம் தை முதல் தேதிக்குச் சமமான சீனப் புள்ளி டிசம்பர் 21 அல்லது 22-லேயே வந்துவிடும். சூரியன் உண்மையிலேயே வடக்கே திரும்பும் நாள் அது.

அந்த நாள்தான் மொத்த நாட்காட்டிக்கும் முளைக்குச்சி. அது விழும் மாசம் எப்போதும் 11-ஆவது மாசம், இதில் விதிவிலக்கே கிடையாது. ஒரு 11-ஆவது மாசத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த 11-ஆவது மாசத்தின் தொடக்கம்வரை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மாசம் இருந்தால் செருக வேலையில்லை. பதின்மூன்று இருந்தால், அவற்றில் சோங்ச்சி எதுவும் விழாத முதல் மாசம் கூடுதல் மாசம். முந்தின மாசத்தின் எண்ணையே அதற்கும் கொடுப்பார்கள்: ஆறுக்குப் பிறகு வந்தால் 'கூடுதல் ஆறு'. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் முன்னே வந்து நிஜ மாசம் பின்னே வரும். இங்கே நேர் எதிர்.

2026-க்கு இதைப் போட்டுப் பார்ப்போம். பஞ்சாங்கத்தில் அமாவாசை முடியும் நேரம்தான் சூரிய சந்திரர் சேரும் கணம். நாழிகையில் கொடுத்திருந்தால் முதலில் நம் கடிகார நேரத்துக்கு மாற்றி, இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும்; நாழிகையிலேயே கூட்டினால் ஆறேகால் நாழிகை. 2025 டிசம்பர் 20 காலை 7.13-க்கு அமாவாசை முடிந்தது; பெய்ஜிங்கில் 9.43, அதே தேதி. சூரியன் திரும்பியது அங்கே டிசம்பர் 21 இரவு 11.03. ஆகவே டிசம்பர் 20-இல் தொடங்கியது 11-ஆவது மாசம். அடுத்த அமாவாசை நம் நேரப்படி ஜனவரி 19 அதிகாலை 1.22, அங்கே 3.52, ஆகவே 12-ஆவது மாசம் ஜனவரி 19. அதற்கடுத்தது பிப்ரவரி 17 மாலை 5.31, அங்கே இரவு 8.01. புத்தாண்டு பிப்ரவரி 17. ஜனவரி 20-க்கு முன்னால் தை அமாவாசை வந்துவிட்டால் புத்தாண்டு மாசிக்குப் போய்விடும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் புழங்குவது வாக்கியப் பஞ்சாங்கம். கோயிலுக்கும் வீட்டுக்கும் அது சரி. இந்த வேலைக்கு ஆகாது. அதன் திதி முடிவு உண்மையான வான நிலையிலிருந்து சில மணி நேரம்கூட விலகும். நள்ளிரவை ஒட்டி அமாவாசை முடியும்போது ஒரு நாள் தவறிவிடும். உண்மையான வான நிலையைக் கணக்கிட்டுத் தரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையே எடுங்கள்.

செருகும் மாசத்துக்கு 2025-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. 2024 டிசம்பர் 1 முதல் 2025 டிசம்பர் 20 வரை 384 நாள், பதின்மூன்று மாசம். கூடுதல் ஆறாம் மாசம் ஜூலை 25-இல் தொடங்கி ஆகஸ்ட் 22-இல் முடிந்தது. ஜூலை 22-லேயே ஒரு சோங்ச்சி வந்துபோனது. அடுத்தது பெய்ஜிங் நேரப்படி ஆகஸ்ட் 23 அதிகாலை 4.34. சூரிய சந்திரர் சேர்ந்தது அதே நாள் மதியம் 2.06. கணத்தைப் பார்த்தால் சோங்ச்சி அமாவாசைக்கு முன்னால் வந்துவிட்டது. நம் ஊர்க் கணக்கில் அது பழைய மாசத்துக்குள்தான் சேரும். ஆனால் சீன விதி கணத்தைப் பார்ப்பதில்லை, நாளைப் பார்க்கிறது. 23-ஆம் தேதி முழுவதும் புது மாசம்; ஆகவே காலையில் வந்த சோங்ச்சியும் புது மாசத்துக்கே. பழைய மாசம் வெறுமையாக நின்றது, கூடுதல் மாசமானது. கணினியில் சொந்தமாகக் கணக்கு எழுதிப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நம் மலமாசமும் இதே விதியின் மறுபுறம். 2023 ஆடியில் இரண்டு அமாவாசை வந்ததே, முதல் தேதியில் (ஜூலை 17) ஒன்று, ஆகஸ்ட் 16-இல் இன்னொன்று. இரண்டு அமாவாசைக்கு நடுவே சங்கராந்தி இல்லை என்பதைத்தான் அது வேறு மாதிரி சொல்கிறது. அதே 2023-இல் சீனாவில் கூடுதல் மாசம் மார்ச் 22 முதல் ஏப்ரல் 19 வரை, இரண்டாம் மாசத்தின் பின்னால். விதி ஒன்றுதான், 24 பாகை அயனாம்சம் இடத்தை மாற்றிவிட்டது.

மார்கழிக்கு 29 நாள், ஆனிக்கு 31 அல்லது 32 நாள் ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் உடனே புரியும். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால் வேகமாகப் போகிறது. அப்போது சோங்ச்சிக்குச் சோங்ச்சி 29.44 நாள்தான்; ஜூன், ஜூலையில் 31.45 நாள். சந்திர மாசம் சராசரி 29.53. குளிர்காலத்தில் இரண்டு சோங்ச்சிக்கு நடுவே ஒரு மாசம் நழுவி விழ இடம் கிடைப்பது மிக அரிது. ஆகவே கூடுதல் மாசம் பெரும்பாலும் கோடையை ஒட்டியே வரும். 1645-க்கு முன் சீனாவில் 24 கூறுகளையும் சம நாளாகப் பிரித்தார்கள். அப்போது இந்தப் பிரச்சினை இல்லை. அந்த வருஷம் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் சூரியனின் உண்மை நிலையை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவு 2033. அந்த வருஷம் ஆகஸ்ட் 25-இல் தொடங்கும் மாசத்தில் சோங்ச்சி இல்லை. பழைய அட்டவணைகள் சில அதையே கூடுதல் ஏழாம் மாசமாக அச்சடித்துவிட்டன. ஆனால் 11-க்கு 11 எண்ணினால் அந்தச் சுற்றில் பன்னிரண்டு மாசம்தான். செருக உரிமை இல்லை. அடுத்த சுற்றில்தான் பதின்மூன்று. 2033 டிசம்பர் 22 முதல் 2034 ஜனவரி 19 வரை கூடுதல் பதினொன்றாம் மாசம். சோங்ச்சி இல்லை என்று பார்த்தவுடன் முத்திரை குத்தக்கூடாது, முதலில் எண்ண வேண்டும்.

ரேகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம். அங்கே விதி இதேதான், கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் பின்னால். 1984-இல் சூரியன் திரும்பியது ஹனோயில் டிசம்பர் 21 இரவு 11.23, பெய்ஜிங்கில் 22 அதிகாலை 12.23. புது மாசம் தொடங்கியதோ இரண்டு ஊரிலும் 22-இல். ஹனோயில் அந்தக் கணம் பழைய மாசத்தில் விழுந்தது, பெய்ஜிங்கில் புது மாசத்தில். முளைக்குச்சியே இடம் மாறிவிட்டதால் 1985-இல் வியட்நாமியப் புத்தாண்டு ஜனவரி 21, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20.

வருஷப் பெயர் நம் அறுபது போலவேதான். அவர்கள் சுற்று 1984-இல் தொடங்கியது, நம் பிரபவ 1987-இல். ஆங்கில வருஷத்தில் 4 கழித்து 12-ஆல் வகுத்தால் மீதி விலங்கைச் சொல்லும்: 0 எலி, 1 மாடு, 2 புலி, 3 முயல், 4 டிராகன், 5 பாம்பு, 6 குதிரை, 7 ஆடு, 8 குரங்கு, 9 சேவல், 10 நாய், 11 பன்றி. 2026-க்கு மீதி 6. ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு முன் பிறந்தவர்களுக்கு இது தவறும்: 1990 ஜனவரி 20-இல் பிறந்தவர் குதிரை அல்ல, பாம்பு, அந்த வருஷப் புத்தாண்டு ஜனவரி 27. அறுபதில் எது எத்தனையாவது சுற்று என்ற குழப்பத்துக்கு நம் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் கொல்லம் ஆண்டு துணை நின்றது. சீன ஆவணங்களில் அந்த வேலையைப் பேரரசரின் ஆட்சி ஆண்டு செய்தது.

அடுத்தது 2027. தை அமாவாசை பிப்ரவரி 6, முடிவது இரவு 9.26. இரண்டரை மணி கூட்டினால் பெய்ஜிங்கில் 11.56. நள்ளிரவுக்கு நாலே நிமிஷம் இருக்கும்போது சேர்வதால் புத்தாண்டு அங்கேயும் 6-ஆம் தேதிதான்.