நகைச் சீட்டில் இரண்டு எடை

2024 மார்ச் முதல் வாரம், காலையில் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அண்ணாச்சி, நகைக்கடன் கம்பெனி லைசன்ஸை ரிசர்வ் பேங்க்ல புடுங்கிட்டாங்களாமே! என் ஆரம் உள்ள கெடக்கே" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அவளைப் பதறவைத்துவிட்டது. நடந்தது வேறு. மார்ச் 4ஆம் தேதி ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் நிறுவனத்திடம், இனி புதிதாக நகைக்கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது. லைசன்ஸ் ரத்தாகவில்லை. ஏற்கெனவே கொடுத்த கடனுக்கு வசூல் செய்யலாம், நகையைத் திருப்பிக் கொடுக்கலாம். அதுபோக, இவள் ஆரம் இருந்ததோ வேறொரு கம்பெனியில்.

உட்காரவைத்து, அடகுச் சீட்டை எடுத்துவரச் சொன்னேன். கூட்டுறவு வங்கியில் 24 வருஷம் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். சீட்டு என்றால் முதலில் என் கண் போவது எடைக்குத்தான். அதில் இரண்டு எடை இருக்கும்: மொத்த எடை, நிகர எடை. ஒருமுறை ஓர் அட்டிகை வந்தது. தராசில் 32 கிராம். பின்பக்கம் திருப்பினால் கல்லுக்கு அடியில் அரக்கு. கல்லையும் அரக்கையும் கழித்தால் தங்கம் 27.400 தான். கடன் அந்த 27.400க்குத்தான். கொண்டுவந்த பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் அதுதான் நியாயம்.

ரிசர்வ் வங்கி அந்த உத்தரவில் முதலில் சொன்ன குறையே இதுதான்: கடன் கொடுக்கும்போதும், கட்டாமல் போய் ஏலத்துக்கு வரும்போதும் தங்கத்தின் தரத்தையும் நிகர எடையையும் கணிப்பதில் பெரிய முறைகேடு. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொதுவாகச் சொல்கிறேன், எங்கே நடந்தாலும் இதுதான் கணக்கு. கொடுக்கும்போது எடையைக் கூட்டிக் காட்டினால் வரம்பை மீறிக் கடன் போகும். அப்போது வரம்பு நகை மதிப்பில் 75 சதவீதம். ஏலத்தில் குறைத்துக் காட்டினால், கடன் போக மிச்சம் வரவேண்டிய பணம் அடகு வைத்தவர் கைக்கு வராது. அது அவர் பணம். அரை கிராமில் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாடு இருக்கிறது.

சட்ட வரம்பை மீறி ரொக்கமாகக் கொடுத்ததும் வாங்கியதும், ஏல முறையைப் பின்பற்றாததும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. அப்புறம் சிறப்புத் தணிக்கை நடந்து, குறைகள் சரிசெய்யப்பட்டு, செப்டம்பர் 19ஆம் தேதி தடை நீங்கியது. ஆறரை மாதம்.

பதிவையே, அதாவது அவள் சொன்ன லைசன்ஸையே, ரத்து செய்வது இந்தத் தடையைவிடப் பெரிய நடவடிக்கை. ரிசர்வ் வங்கிச் சட்டம் 45-ஐஏ பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. கம்பெனியின் தரப்பைக் கேட்க வேண்டும். ரத்தானால் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். 2022 பிப்ரவரியில் கேஷ்பீன் என்ற கடன் செயலியை நடத்திய பிசி ஃபைனான்ஷியல் சர்வீசஸ் கம்பெனிக்கு அப்படி ரத்தானது. கந்துவட்டி அளவுக்கு வட்டி வாங்கியது மட்டுமில்லை, கடனை வசூலிக்க ரிசர்வ் வங்கி, சிபிஐ முத்திரைகளையே அனுமதியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடன் வாங்கினவனுக்கு அதைப் பார்த்தால் ஈரக்குலை நடுங்காதா?

ரத்தானாலும் வாங்கிய கடன் கரைந்துவிடாது, அடகு வைத்த நகையும் கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது. இதை யார் வந்து சொல்கிறார்கள்? உத்தரவு ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடக்கிறது. அடகு வைத்தவள் நிற்பது கிளையின் கவுண்டரில். அந்தக் கிளைக் கதவில், அந்த ஊர் மொழியில், "புதுக் கடன் கிடையாது, பழைய நகையை வழக்கம்போல் மீட்கலாம்" என்று இரண்டு வரி ஒட்டவேண்டும் என்பதையும் உத்தரவிலேயே சேர்க்கவேண்டும். ரிசர்வ் வங்கியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து யோசியுங்கள்.

சீட்டைப் பார்த்தேன். ஆரம் மொத்தம் 24.300, நிகரம் 23.100, ஏழு கல்லுக்குச் சரியான கழிவுதான். எந்த எடை எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் வட்டி கட்டிய ரசீதோடு வந்தாள். சீட்டில் நிகர எடைக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.